தண்ணீர் இறங்கும் நிலத்துக்கு யார் பணம் தருவது?

(மடத்துக்குளத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். நான் அந்தத் தண்ணீர் இறங்கும் நிலத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். அந்த நிலத்தைக் கல் நடாமல், சைட் போடாமல், நிலமாகவே வைத்திருப்பவருக்கு யார் பணம் தருவது என்பதே என் கேள்வி. அறக்கட்டளை மேடையில் இதைக் கேட்பது பொருத்தம்தான். தமிழ்நாட்டின் நீர்நிலைகள் நெடுங்காலம் பிழைத்திருந்ததே அறக்கட்டளைகளால். ஏரியைத் தூர் வாரவும் கரையைச் செப்பனிடவும் தனியாக நிலம் ஒதுக்கி, அந்த நிலத்தின் விளைச்சலை ஆண்டுதோறும் ஏரிக்கே செலவிடச் செய்தார்கள். அதற்கு ஏரிப்பட்டி என்று பெயர். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. குடவோலை என்று அதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அந்த வாரியத்தின் கைக்கு ஆண்டுதோறும் வருமானம் வந்துகொண்டிருந்தது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. வருமானம் இல்லாத வாரியம் நான்கு கூட்டம் போட்டுவிட்டுக் கலைந்திருக்கும்.

இன்று நாம் தண்ணீருக்குச் செலவு செய்யாமல் இல்லை. கோடிக்கணக்கில் செய்கிறோம். அந்தப் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள்.

நம் மாவட்டத் தலைநகரிலிருந்தே தொடங்குவோம். தொண்ணூறுகளில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்குச் சுற்றுவட்டாரத் தோட்டத்துக் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகளில் தண்ணீர் போனது. வெள்ளாமையைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்று பலர் மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டினார்கள். கிணறுகள் வறண்டன. பிறகு பவானி அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவர 1,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து ஒரு திட்டம் வந்தது. 2005-இல் தண்ணீர் ஓடத் தொடங்கியது. தொழிற்சாலைகளுக்கு அப்போது ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய் விலை. இந்த 45 ரூபாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அது தண்ணீரைக் கொண்டுவந்த செலவு. அழுக்கானதைச் சுத்தம் செய்த செலவு தனி. நொய்யலின் குறுக்கே 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஏறக்குறைய 20,000 ஏக்கர் பாசனம் பெற வேண்டிய அணை. தேங்கியது சாயக்கழிவு. அணையில் தண்ணீர் நிறுத்தாதீர்கள் என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது. அணையில் தண்ணீர் வேண்டாம் என்று ஆயக்கட்டுக்காரர் மனுப்போடுவதைவிடக் கொடுமை ஓர் உழவர் சமுதாயத்துக்கு வேறு என்ன இருக்க முடியும்? நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்றது. அதுவரை லிட்டருக்கு 6 காசு என்று தொடங்கி அபராதம் விதித்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்போதும் நிற்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவாயிற்று. அதன் பிறகுதான் இன்று நாம் பார்க்கும் பூஜ்ஜிய வெளியேற்ற நிலையங்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கின. அதற்குத் தொழிலதிபர்கள் கொட்டிய பணத்தையும் பட்ட பாட்டையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? 1996-இல் வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன 'கெடுத்தவரே ஈடு தர வேண்டும்' என்ற கொள்கைப்படி, சூழல் இழப்பீட்டு ஆணையம் நொய்யல் கரையில் கணக்கெடுத்தது. 28,596 உழவர்களுக்கு ஏறக்குறைய 25 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள், ஒருவருக்குச் சராசரியாக 9,000 ரூபாய்கூட வரவில்லை. மண்ணில் ஏறிய உப்பு அந்தப் பணம் வந்ததால் இறங்கிவிடவுமில்லை.

மூன்றாவது செலவு, குளங்களை நிரப்புவது. அத்திக்கடவு–அவினாசித் திட்டத்துக்கு மக்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் அது தொடங்கிவைக்கப்பட்டபோது நானும் மனம் நிறைந்து மகிழ்ந்தேன். 1,916 கோடி ரூபாய், 1,045 குளம் குட்டைகள், ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. தண்ணீர். பவானி ஆற்று உபரிநீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டுக்கு ஏற்றி, குழாயில் கொண்டுபோய், குட்டைகளில் விட்டு நிலத்தடி நீரைப் பெருக்குவது நோக்கம்.

கொண்டுவரப் பணம் இருக்கிறது, கழுவப் பணம் இருக்கிறது, நிரப்பப் பணம் இருக்கிறது. மழை விழும் இடத்திலேயே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும் நிலத்தைக் காக்க மட்டும் ஒரு தலைப்பில்கூடப் பணம் இல்லை. மாநிலத்தின் நிலத்தடி நீர் அலகுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை என்று மதிப்பீடுகள் ஆண்டுக்காண்டு சொல்லும்போதும் இதுதான் நிலை.

மடத்துக்குளத்தில் நின்றுகொண்டு இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நமக்கு அமராவதி இருக்கிறாள். 1957-இல் கட்டிய அணை இருக்கிறது. அதற்குப் பல நூற்றாண்டு முந்திய ராஜவாய்க்கால்கள் இருக்கின்றன: கல்லாபுரம், ராமகுளம், குமரலிங்கம், கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு. நெல்லும் கரும்பும் தென்னையும் பார்த்த ஊர்கள். ஆற்றை விட்டு வடக்கே, குடிமங்கலம் பக்கமோ தாராபுரம் பக்கமோ ஏறினால், சில மைலில் மேட்டாங்காடு வந்துவிடுகிறது. அங்கே வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் நல்ல வருஷம். பள்ளத்தில் வயல், மேட்டில் மானாவாரி, அதற்கும் அப்பால் கொறங்காடு. இந்த மூன்றும் ஒரே நிலத்தடியின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

கொறங்காட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; இங்குள்ள மாணவர்களுக்காகச் சொல்கிறேன். கொறங்காடு என்பது தனியார் பட்டா நிலத்தில் உள்ள மேய்ச்சல் காடு. சுற்றிலும் முள்கிளுவை வேலி. கிளுவைப் போத்தை வெட்டி நட்டால் பிடித்துக்கொள்ளும். சில ஆண்டுகளில் ஆடு நுழைய முடியாத உயிர்வேலி ஆகிவிடும். உள்ளே கொழுக்கட்டைப்புல். இடையிடையே வெள்வேல மரம், அதன் காய் ஆட்டுக்குத் தீனி, அதன் நிழல் மாட்டுக்கு. காட்டைப் பாகம் பாகமாகப் பிரித்து, ஒன்றில் மேய்ந்து முடித்ததும் அடுத்ததில் ஓட்டுவார்கள். காங்கயம் காளை என்று உலகம் கொண்டாடும் மாடு இந்தப் புல்லில் வளர்ந்ததுதான்.

நான் மண் பார்க்கிற வேலையில் இருந்தவன். இரும்பு வளையத்தை மண்ணில் அடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் உள்ளே போகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பது எங்கள் பழக்கம். கொழுக்கட்டைப்புல்லின் தூர் அடியில் வளையம் அடித்து ஊற்றினால், பேசிக்கொண்டிருக்கும்போதே மட்டம் இறங்கிவிடும். வேர் போன வழியெல்லாம் தண்ணீர் போகும். கறையானும் மண்புழுவும் துளைத்த வழியெல்லாம் போகும். அதே காட்டின் ஒரு பகுதியை விற்று, புல்டோசர் விட்டுச் சமன் செய்து, கிராவல் கொட்டி ரோலர் ஓட்டிய சைட் பக்கத்திலேயே இருக்கும். அங்கே வளையத்துக்குள் தண்ணீர் அப்படியே நிற்கும், மேலே தூசு மிதக்கும். ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்யட்டும், சைட் ரோட்டில் செம்மண் தண்ணீர் கணுக்கால் அளவு ஓடும். வேலிக்கு இந்தப் பக்கம் புல் படுத்திருக்கும், அவ்வளவுதான்.

நம் நிலத்தடி கரும்பாறை. மேலே கொஞ்சம் சிதைந்த பாறை, அதற்குக் கீழே வெடிப்புகள். தஞ்சாவூர் வண்டல் போல இது தண்ணீரை வாரிக் குடிக்காது. பெய்யும் மழையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு இறங்கினால் அதிகம். எட்டுப் பங்கு என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கரில் 600 மில்லிமீட்டர் மழை என்றால் ஏறக்குறைய 24 லட்சம் லிட்டர். அதில் எட்டுப் பங்கு, ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கரில் பதினாறு லோடு. ஆயிரம் லிட்டர் 45 ரூபாய் என்ற அந்தப் பழைய விலையிலேயே போட்டாலும் வருஷத்துக்கு ஏறக்குறைய 9,000 ரூபாய்த் தண்ணீரை ஓர் ஏக்கர் கொறங்காடு பூமிக்குள் இறக்குகிறது. மோட்டார் இல்லை, குழாய் இல்லை, மின் கட்டணம் இல்லை.

காட்டுக்காரருக்கு இதற்கு என்ன கிடைக்கிறது? ஒன்றுமில்லை. அவர் இறக்கிய தண்ணீர் அவருடைய கிணற்றோடு நிற்பதும் இல்லை. வெடிப்பு போகும் வழியில் பக்கத்து ஊர் போர்வெல்லுக்குப் போகிறது. அவருக்குப் புல் உண்டு, ஆட்டுக்குட்டி விற்ற காசு உண்டு. மகள் கல்யாணமோ மகன் படிப்போ வந்தால், அடுத்த நாளே புரோக்கர் வாசலில் நிற்கிறார். சோலார் கம்பெனிக்காரர் வருகிறார், கோழிப்பண்ணைக்காரர் வருகிறார். விற்கிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊருக்கே தண்ணீர் இறக்கிக்கொண்டு அவர் மட்டும் ஏழையாக இருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு என்ன உரிமை?

இதே சிக்கலை அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரம் சந்தித்தது. பதினான்கு லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊர். எட்வர்ட்ஸ் என்ற சுண்ணாம்புப் பாறை நீர்த்தாங்கிதான் அதன் குடிநீருக்கு ஆதாரம். மழை இறங்கும் இடமோ நகருக்கு வெளியே, மேற்கே உள்ள மாட்டுப் பண்ணைகளில். அந்தப் பண்ணைகள் வீட்டுமனை ஆகிக்கொண்டிருந்தன. 2000-இல் நகர மக்கள் வாக்களித்து, விற்பனை வரியில் ஒரு டாலருக்கு எட்டில் ஒரு சென்ட் கூடுதலாகத் தர ஒப்புக்கொண்டார்கள். முதலில் நிலத்தை வாங்கினார்கள். பிறகு அதைவிட நல்ல வழி ஒன்றைக் கண்டார்கள்: நிலம் பண்ணையாரிடமே இருக்கும், அவர் மாடு மேய்ப்பார், பிள்ளைகளுக்கு எழுதிவைப்பார். கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் நகரத்துக்கு விற்றுவிடுவார். யார் வாங்கினாலும் அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு போகும். ஆண்டுதோறும் ஆள் வந்து பார்ப்பார்கள். இப்படி ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார்கள். பெரும்பகுதி நகர எல்லைக்கு வெளியே, அடுத்த மாவட்டங்களில். நகரத்தான் தன் வரிப்பணத்தை அடுத்த மாவட்டத்துக் காட்டுக்காரனுக்குத் தர முன்வந்ததுதான் இதில் நாம் பார்க்க வேண்டியது. 2020-இல் அந்த வரிப்பங்கை முதலில் வேலைப் பயிற்சிக்கும் பிறகு போக்குவரத்துக்கும் திருப்ப மக்கள் வாக்களித்தபோதும் நிலக்காப்பை அவர்கள் விட்டுவிடவில்லை. வேறு வழியில் நிதி ஒதுக்கித் தொடர்கிறார்கள்.

சுண்ணாம்புப் பாறை வேறு, நம் கரும்பாறை வேறு. அங்கே ஒரு குழிக்குள் ஓடையே மறைந்துபோகும். இங்கே சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். ஆகவே அங்கே சில இடங்களைத் தேர்ந்தெடுத்துக் காத்தால் போதும், இங்கே பரந்த நிலப்பரப்பு தேவைப்படும்; ஏக்கருக்குத் தரும் தொகை குறைவாகவும் ஒப்பந்தங்கள் நிறையவும் இருக்க வேண்டும். சான் அன்டோனியோ மட்டும் அல்ல; ஜெர்மனியின் மியூனிக் நகரம் 1992 முதல், தன் குடிநீர் ஊறும் மாங்ஃபால் பள்ளத்தாக்கு உழவர்கள் இயற்கை வேளாண்மைக்கு மாறுவதற்குப் பணம் தருகிறது. உரம் குறைந்தால் தண்ணீரில் நைட்ரேட் குறையும், அதைச் சுத்தம் செய்யும் செலவு மிஞ்சும், அந்தக் கணக்குதான். நம் நாட்டிலேயே இமாசலத்தில் பாலம்பூர் நகராட்சி, தனக்கு நீர் தரும் போஹல் ஊற்றின் மேலுள்ள காட்டைக் காக்கும் கிராமத்தாருக்கு ஆண்டுதோறும் தொகை தர 2010-இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. தொகை சிறியது. ஆனால் இந்தியாவில் ஒரு நகராட்சி அதைச் செய்ய முடியும் என்று காட்டிவிட்டது.

தண்ணீரின் தரம் என்றதும் நமக்குச் சாயம்தான் நினைவுக்கு வரும். நம் வட்டாரத்தில் இன்னொன்று இருக்கிறது. உடுமலை, பொள்ளாச்சி, மடத்துக்குளம் பகுதிகளில் தென்னை நார்த் தொழில் பெருகியிருக்கிறது. ஏற்றுமதிக்குப் போகும் நார்க்கழிவுத் தூளில் உப்பை நீக்க அலசு அலசென்று அலசுகிறார்கள். அலசிய தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் காட்டில் விடப்பட்டால், அந்த நிறம் சில மாதத்தில் பக்கத்துக் கிணற்றில் தெரிகிறது. இந்தத் தொழிலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு 2021-இல் மாற்றியது காரணமில்லாமல் இல்லை. தண்ணீர் இறங்கும் நிலம் எதை விட்டாலும் இறக்கும். நல்ல தண்ணீரை இறக்குகிற அதே வேர்வழிதான் கெட்ட தண்ணீரையும் கொண்டுபோகும். ஆகவே நிலத்துக்குப் பணம் தருகிறோம் என்றால், அதில் எதை விடக் கூடாது என்பதும் அந்தப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும்.

வாய்க்கால் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலருக்கு இதில் கோபம் இருக்கும். கீழ்பவானி வாய்க்காலுக்கு 709 கோடி ரூபாய்க்குக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது ஈரோடு மாவட்டத்து உழவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கடைமடைக்காரர் போடு என்றார். வாய்க்கால் ஓரத்துக் கிணற்றுக்காரர் போடாதே என்று உண்ணாவிரதம் இருந்தார். இருவர் சொன்னதும் உண்மை. மண் வாய்க்காலில் கசிவது வீண் என்பது கடைமடையின் கணக்கு. அந்தக் கசிவுதான் எங்கள் கிணறு என்பது கரையோரத்தின் கணக்கு. 2 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டில் இந்தச் சண்டைக்கு நீதிமன்றம் போக வேண்டிவந்தது. கசிவுக்கு ஒரு மதிப்புப் போட்டு, அதைப் பெறுகிறவர் யார், இழக்கிறவர் யார் என்று எழுதிவைத்திருந்தால் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்க முடியும். நம் ராஜவாய்க்கால்களில் ஒரு முழம் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நெல் வயலும் அப்படித்தான். தண்ணீர் தேங்கி நிற்கும் வயல் எல்லாம் தென்னந்தோப்பாகவும், தோப்பு சொட்டுநீராகவும் மாறினால் தண்ணீர் மிச்சம்தான். ஆனால் பக்கத்துக் குடிநீர்க் கிணற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தது நின்றுபோகும்.

இனிப் பணம். திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024–25-இல் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய். ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு ஒரு ரூபாய் என்று ஒதுக்கினால் ஆண்டுக்கு 40 கோடி. ஏக்கருக்கு 3,000 ரூபாய் வீதம் தந்து, நிர்வாகத்துக்கும் அளவீட்டுக்கும் கால் பங்கு ஒதுக்கினாலும் 1 லட்சம் ஏக்கர் வருகிறது. 1 லட்சம் ஏக்கர் இறக்கும் தண்ணீர், முன்பு போட்ட கணக்கின்படி 2,000 கோடி லிட்டருக்கு அருகில். அத்திக்கடவு–அவினாசித் திட்டம் ஆண்டுக்கு ஏற்றிக் கொண்டுவரும் 1.5 டி.எம்.சி.யில் இது ஏறக்குறைய பாதி. இன்றைக்கே இறங்கிக்கொண்டிருக்கும் தண்ணீர்தானே இது, புதிதாக என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. புதிதாக ஒரு சொட்டும் வரவில்லை. இருப்பது போகாமல் காப்பதற்கு இந்தப் பணம். ஒருமுறை சைட் ஆகிவிட்ட காட்டை 3,000 ரூபாய்க்கு அல்ல, 30 லட்சத்துக்கும் திரும்ப வாங்க முடியாது.

தொழில்துறை இதற்கு முன்வருமா? முன்வரும் என்று நான் நம்புகிறேன். கண்ணால் கண்ட சான்று இருக்கிறது. 2015-இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கம் பின்னலாடைத் தொழில் தந்த ஆதரவில் இருபது லட்சம் மரக்கன்றுகளுக்கு மேல் நட்டிருக்கிறது, பெரும்பாலும் உழவர்களின் சொந்த நிலத்தில். பனியன் கம்பெனிக்காரர் தன் பணத்தை இன்னொருவர் காட்டில் போடத் தயங்கவில்லை. அவர்களிடம் ஒரே வேண்டுகோள்: எல்லா இடத்திலும் மரம் நடுவதே நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். கொறங்காட்டுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் வெள்வேலம் போதும். அங்கே தண்ணீரை இறக்குவது புல். நெருக்கி நட்ட தோப்பு தானும் குடிக்கும்.

தானமாக மட்டும் இது நடந்தால் நீடிக்காது. லாபம் குறைந்த ஆண்டில் தானம் நிற்கும். கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் வரும் சமூகப் பொறுப்பு நிதியும் பெரும்பாலும் ஒரே ஆண்டில் முடிந்து புகைப்படம் எடுக்கத்தக்க வேலைகளையே தேடுகிறது: ஒரு குட்டை தூர்வாரல், ஒரு பெயர்ப்பலகை. தூர்வாரிய குட்டைக்குத் தண்ணீர் வரும் பள்ளம் மேலே அடைபட்டிருந்தால் அந்தப் பலகை மட்டும் மிஞ்சும். 1977-ஆம் ஆண்டுத் தண்ணீர் மேல்வரிச் சட்டம் ஒன்று இருந்தது. தொழிற்சாலைகள் பயன்படுத்தும் நீருக்கு மேல்வரி வாங்கி மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்குத் தந்தார்கள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அது ரத்தானது. அதற்கு முன்பே, 2013-இல், தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டமும் ரத்து செய்யப்பட்டுவிட்டது. வாங்கும் வழியும் போயிற்று, கட்டுப்படுத்தும் வழியும் போயிற்று. ஆகவே தண்ணீர்க் கட்டணத்திலேயே ஒரு சிறு பங்கை நிலத்துக்கென்று பிரித்துவைக்கச் சட்டம் வேண்டும். ஈக்குவடார் நாட்டின் கீட்டோ நகரம் 2000 முதல் அப்படித்தான் செய்கிறது. தண்ணீர்க் கட்டண வருமானத்தில் ஒரு பங்கு நிதியத்துக்குப் போகிறது, நிதியத்தின் வருவாய் மலை மேலுள்ள புல்வெளிக்குப் போகிறது. ஏரிப்பட்டிக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

ஒப்பந்தம் எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன், சில உழவர்கள் முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். பதினைந்து ஆண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நிலம் உங்களுடையது, மேய்ப்பது உங்கள் உரிமை. சைட் போடக் கூடாது, கிராவல் அள்ளக் கூடாது, கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பி வேலி போடக் கூடாது, புதிதாகப் போர் போடக் கூடாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி வில்லங்கச் சான்றில் வர வேண்டும். அப்போதுதான் நிலத்தை வாங்குகிறவருக்கும் அது கட்டுப்பாடாக இருக்கும். மீறினால் வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். அமெரிக்காவில் உள்ளதுபோல் நிலக்காப்புக்கென்றே தனிச் சட்டம் நம்மிடம் இல்லாததால், இப்போதைக்குக் குத்தகைப் பத்திரத்தின் வடிவில்தான் இதைச் செய்ய முடியும்.

பணத்தை வைத்திருப்பது யார் என்பதில் நான் பிடிவாதக்காரன். ஒரே துறையிடமோ ஒரே சங்கத்திடமோ இருக்கக் கூடாது. பணம் தருகிற தொழில்துறை, நிலம் வைத்திருக்கிற உழவர், ஊராட்சி, மாவட்ட நிர்வாகம் நால்வரும் கையெழுத்துப் போட்டால்தான் காசோலை செல்லும் என்று இருக்க வேண்டும்.

நாம் திருப்பூரிடம் கேட்பதைப் போல நம்மிடமும் கேட்க ஆள் இருக்கிறது. அமராவதிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மறையூர், காந்தளூர்ப் பக்கமிருந்து பாம்பாறு, சின்னாற்றோடு சேர்ந்து வருகிறது. இரவிகுளத்துப் புல்வெளியும் சின்னாறு சரணாலயமும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் காடாகவே இருப்பதால் சித்திரையிலும் ஆற்றில் ஈரம் இருக்கிறது. அந்தக் காட்டுக்குள் வாழும் முதுவரும் புலையரும் சாலைக்கும் மருத்துவத்துக்கும் படுகிற பாடு நமக்குத் தெரியும். அமராவதியின் 50,000 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு அவர்களுக்கு இதுவரை என்ன தந்திருக்கிறது? ஏக்கருக்கு ஐம்பது ரூபாய் என்று நாம் ஒதுக்கினால் ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய். மேலே இருப்பவருக்கு நாம் தந்துவிட்டு, கீழே இருப்பவரிடம் போய்க் கேட்டால் நம் கேள்விக்கு எடை கூடும்.

இன்னொரு மனக்குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் திட்டத்தில் பணம் பட்டாதாரருக்குப் போகிறது. காட்டில் ஆடு மேய்ப்பவருக்கும் வேலி கட்டும் கூலியாளுக்கும் பட்டா இல்லை. தண்ணீருக்காக மைல் கணக்கில் நடப்பது பெரும்பாலும் அவர்கள் வீட்டுப் பெண்கள்தான். ஆகவே ஏக்கருக்குத் தரும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு ஊராட்சிக்குப் போய், மேய்ச்சல் புறம்போக்கைப் புல்காடாக்கவும், வேலி கட்டுதல், பள்ளம் சீர்செய்தல், கிணற்று மட்டம் அளத்தல் ஆகிய வேலைகளுக்கு அவர்களுக்கே கூலியாகவும் சேர வேண்டும். இதை முதல் நாளே பத்திரத்தில் எழுதாவிட்டால் பிறகு எழுத மாட்டார்கள்.

எல்லாம் ஒரே நாளில் நடக்காது. தாராபுரம் பக்கம் ஒரு கொறங்காட்டு ஊர், மடத்துக்குளம் தாலுகாவில் ஒரு வாய்க்கால் ஊர், இரண்டை எடுத்துக்கொண்டு தொடங்கலாம். முதல் ஆண்டில் பணம் தருவதற்கு முன்பே அளக்கத் தொடங்க வேண்டும். ஊருக்கு இருபது கிணறு. மழைக்காலம் முடிந்த ஜனவரியில் ஒருமுறை, கோடையில் மே மாதம் பிறக்குமுன் ஒருமுறை நீர்மட்டம். அதே நாளில் அந்தத் தண்ணீரின் உப்பளவும் நைட்ரேட்டும். நம் கல்லூரி மாணவர்கள் இதைச் செய்துவிடுவார்கள். ஜனவரி 26-லும் மே 1-லும் எப்படியும் கிராம சபை கூடுகிறது. அளவு நோட்டை அங்கே எல்லோர் முன்னிலையிலும் வாசித்து, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு பிரதியைப் பணம் தருகிறவரிடமும் வைக்க வேண்டும். வருகிற ஜனவரிக்கே அந்த முதல் அளவை எடுக்க முன்வரும் ஊர்கள் எவை என்று இந்தக் கூட்டம் முடிவதற்குள் தெரிந்தால், மாணவர்களோடு நானும் வருகிறேன்.